அஞ்சு நிமிஷப் பாயசம்

தெரியாது என்று சொல்லிவிடலாம். பாயசத்தின் அளவு மறந்துபோய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அன்புதான் கலக்குவாள், நான் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்ததோடு சரி என்றால் அவள் புருஷன் தமிழ்வேந்தன் நம்பிவிடுவார். எதையும் நம்புகிற மனுஷர். அவர் கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டால் போதும்.

அன்னூர் தாண்டியதும் சண்முகப்பிரியா மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். வைத்த பிறகும் அது மடியில் கனப்பது போலவே இருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் சுக்குப் பொடி. காலையில் காரில் ஏறும்போது மாமியார் மயிலாத்தாள் வாசல் வரை வந்து கொடுத்தது.

"ஆத்தோரம் சளி புடிக்கும் கண்ணு. சுக்குக் காபி வெச்சுக் குடிங்க. போன வருசம் நீங்க போகலீன்னு நான் அரைக்காமயே உட்டுட்டேன். நேத்துத்தான் ஒக்காந்து அரைச்சேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அம்மணி, பேச்சையே காணோம்?" வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் மனோஜ்குமார் திரும்பிப் பார்த்தான். "பூஜை லீவு, தறி எல்லாம் நிறுத்தியாச்சு. ரெண்டு நாளைக்கு நூல் எங்கேன்னு ஒருத்தன் போன் பண்ணமாட்டான். எனக்குப் பாட்டுப் பாடலாம்னு இருக்குது. நீ என்னன்னா பரிட்சைப் பேப்பர் திருத்தற மொகத்தோட ஒக்காந்திருக்கறே."

"தூக்கம் வருதுங்க."

"தூங்கு, தூங்கு. பொழுதோட பாயசம் செய்யறப்ப எந்திரிச்சாப் போதும்."

இவனுமா என்று நினைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாளுக்கு முன்பு தமிழ்வேந்தன் போன் செய்திருந்தார். மறுபடியும் எல்லோரும் கேம்ப் போகலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். "இனியா ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்குதுங்க டீச்சர். அந்தப் பாயசம் இருந்தாத்தான் வருவாளாம். அப்படியே இளவேனிலுக்கும் சொல்லிக் குடுத்துருங்க. இனி எங்கூட்டுலயும் செஞ்சுக்கலாமுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளவேனில் அவர் நாலு மாதத்துக்கு முன்பு கட்டிக்கொண்டவள். இனியா அன்புச்செல்வியின் மகள். அன்புச்செல்வி போய் ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது.

பாயசம் அன்புவுடையது. எப்படிச் செய்வது என்று அன்புவுக்கும் சண்முகப்பிரியாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பவானிக் கரையில், மனோஜின் உறவினர் ஒருவருக்குப் பாக்குத்தோப்பு இருந்தது. அங்கேதான் ஒவ்வொரு பூஜை லீவுக்கும் கூடாரம் போடுவார்கள். கொரோனா வந்த இரண்டு வருஷமும் போன வருஷமும் போக, ஒன்பது தடவை. இது பத்தாவது. கார் தோப்புக்குள் நுழைந்தபோது தமிழ்வேந்தனின் வண்டி முன்னமே நின்றிருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கம் எழும்பியும் மறுபக்கம் சரிந்தும் இருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழ்வேந்தன் நின்றிருந்தார்.

"ஈ.பி. ஆபீசர் கம்பி நட்டா இப்புடித்தான்," என்று இறங்கியதுமே மனோஜ் ஆரம்பித்தான். "சாஞ்சுதான் நிக்கும். ஏந் தமிழ், இதுல கரண்டு வருமா?"

"வாங்க மொதலாளி. நீங்க வந்து உங்க தறி நூல்ல ஒரு கட்டுப் போட்டுக் குடுங்க, நேரா நின்னுக்கும்."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒரு கணம் அதிகமாகவே கட்டிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் கூடாரத்தைப் பற்றியே சத்தமாகப் பேசினார்கள்.

இனியா பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. கழுத்து நீண்டு, தோள் அன்புவின் தோளாக மாறியிருந்தது. "ஹாய் ஆன்ட்டி," என்றாள். பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சண்முகப்பிரியா அந்தத் தட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எட்டு ஸ்டீல் தட்டு, எட்டு டம்ளர். முதல் கேம்புக்கு முன்பு அவளும் அன்புவும் டவுன்ஹால் பக்கம் கடை கடையாக ஏறி வாங்கியவை. பெயர் வெட்டவில்லை. யாருடையது எது என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததில் சாப்பிடுவார்கள். ஒரு சாக்கில் கட்டி அன்பு வீட்டுப் பரணில் கிடக்கும். எப்போதும் அன்பு வீட்டில்தான். சண்முகப்பிரியா வீட்டில் ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

"அக்கா, நாந்தானுங்க இளவேனில்." முந்தானையை இடுப்பில் செருகியிருந்த பெண் கைகூப்பினாள். முப்பது வயது இருக்கும். "அவுங்க ரெண்டு பேரும் உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. நான் கேம்ப் எல்லாம் வந்ததே இல்லீங்க. வீடியோ பார்த்துப் பார்த்து என்னென்னமோ கட்டிட்டு வந்திருக்கறேன். நீங்க பார்த்துச் சிரிக்கக் கூடாதுங்க."

சிரிக்கும்படி ஒன்றுமில்லை. அரிசியையும் துவரம்பருப்பையும் வீட்டிலேயே கழுவித் துணியில் உலர்த்தி, மிளகு சீரகம் மஞ்சள் கலந்து ஒரு டப்பா. உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரு டப்பா. வறுத்த ரவையில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துப் போட்டு ஒரு டப்பா, காலையில் சுடுதண்ணீர் ஊற்றினால் உப்புமா. ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் ஒட்டி எழுதியிருந்தாள். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில் என்பது வரை.

அன்பு எதிலும் எழுதி ஒட்டினவள் இல்லை. சண்முகப்பிரியா உடனே அந்த நினைப்பை நிறுத்தினாள். இந்தப் பெண் இன்னொருத்தியோடு வைத்துப் பார்க்கப்படுவதற்கு என்ன தப்பு செய்தாள்?

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். சின்ன கேஸ் அடுப்பில் குக்கர் நாலு விசில் விட்டது. மூடியைத் திறந்து நெய்யை ஊற்றியபோது வாசம் ஆறு வரை போயிருக்கும். கனலில் அப்பளம் சுட்டார்கள். மனோஜ் மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினான்.

"அண்ணா, ஆறு பேருக்குன்னு எழுதியிருந்தனுங்க," என்றாள் இளவேனில் பயத்தோடு. "அஞ்சு பேருதான் இருக்கறோம்."

"நானே ரெண்டு பேருங்க அம்மணி. அதயும் ஒரு பேப்பர்ல எழுதி எம் மேல ஒட்டிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இனியாவும் சிரித்தாள். சண்முகப்பிரியா வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, எல்லோரும் எப்படி இவ்வளவு சீக்கிரம் சிரித்துவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தானும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"பொழுதோட பாயசம் டீச்சர் பொறுப்பு," என்றார் தமிழ்வேந்தன், கை கழுவிக்கொண்டே. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் செய்யவிருந்ததை அவர் செய்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

சாப்பிட்ட பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சண்முகப்பிரியா ஆற்றுக்கு இறங்கினாள். இளவேனில் கூட வர எழுந்தாள். "நீங்க சித்த படுங்க, காலைல இருந்து நின்னுட்டே இருக்கறீங்க," என்று தடுத்துவிட்டாள். குக்கரில் ஒட்டியிருந்த பருப்பைத் தேய்த்தாள். இந்தக் கல்தான். இதில்தான் அந்த முதல் வருஷம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் கேம்ப் அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. கூடாரத்துக்குள் ஆம்பிளைகள் இரண்டு பேரும், ஒரு வயசு இனியாவும், அன்றைக்குச் சின்னப் பையனாயிருந்த கதிரும். கதிர் அவள் மகன். இப்போது ஈரோட்டில் ஹாஸ்டலில் இருக்கிறான். இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று குழந்தைகளைவிட மனோஜ்தான் அழுதான். அன்பு காய்ந்த இடியாப்பம் போன்ற பாக்கெட் சந்தகை கொண்டுவந்திருந்தாள். சுடுதண்ணீரில் அஞ்சு நிமிஷம் ஊறினால் நூல் நூலாக மலர்ந்துவிடும். தேங்காய்ப்பால் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். "சர்க்கரைய எடு பிரியா," என்றாள். வாய் பள்ளிக்கூடத்துக் கதையில் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் பிரேயரில் தும்மிய கதை. சண்முகப்பிரியா பைக்குள் கையை விட்டுப் பழுப்பாக இருந்த உறையை எடுத்து நீட்டினாள். அன்பு அதை அப்படியே கவிழ்த்தாள்.

நாட்டுச்சர்க்கரை இல்லை. மயிலாத்தாள் அரைத்த சுக்குப் பொடி. சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி, ஏலக்காய், இன்னும் என்னவோ, எல்லாம் கருப்பட்டியோடு சேர்த்து அரைத்தது. மகனுக்கும் மருமகளுக்கும் மட்டும் என்று அரைக்கிற பொடி.

ஒரு வாய் எடுத்துப் பார்த்த அன்புவின் கண்ணில் நீர் வந்தது. பிறகு இன்னொரு வாய் எடுத்தாள். "ஏய், நல்லாருக்குது பிரியா." நாட்டுச்சர்க்கரையையும் ஒரு கை போட்டுக் கலக்கினாள். இனிப்புக்குப் பின்னால் மெதுவாக ஒரு காரம் தொண்டையில் இறங்கி, மழைக்குளிருக்கு நெஞ்சில் அடுப்பு வைத்தது போல் இருந்தது. கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தபோது மனோஜ், "இதென்னங்க, புதுசா இருக்குது?" என்றான். அன்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எங்க ஆத்தா ஊர்ப் பக்கம் செய்யறதுங்க. பரம்பரையா வரது."

"அட! எங்கம்மா சுக்குக் காபி குடிச்சா எரியற மாதிரியே தொண்டையில எரியுதுங்க. பிரமாதம்."

அதற்குத்தான் இந்தக் கல்லில் வந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அப்புறம் வந்த எட்டுத் தடவையும் பாயசம் கலக்கும்போது ஆம்பிளைகளைத் துரத்திவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் சண்முகப்பிரியா பையில் மயிலாத்தாளின் பொடி வரும். "உங்க அத்தை கையால வருசத்துக்கு ஒருக்கா எனக்குப் பாயசம் கெடைக்குது பாரு," என்பாள் அன்பு. "அவுங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கோ. தெரிஞ்சா பொடிக்குத் தீட்டுக் கழிக்கோணும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சண்முகப்பிரியாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கும்போது, தன்னுடையது எப்போதும் அரை நொடி பிந்தியே வந்தது தெரிகிறது.

கருமத்தம்பட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம். பக்கத்துப் பக்கத்து மேசை. அன்பு அவள் வீட்டுக்கு வந்ததில்லை என்று சொல்ல முடியாது. வருவாள். ஹாலில் சோபாவில் உட்காருவாள். மயிலாத்தாள் நன்றாகத்தான் பேசுவாள். "வா கண்ணு, புள்ள எப்படி இருக்கறா?" என்பாள். காபி வரும். பேப்பர் கப்பில் வரும். அலமாரியில் அதற்கென்று ஒரு கட்டு இருந்தது. "கழுவற வேல மிச்சம்," என்பாள் மயிலாத்தாள். மற்றவர்கள் வந்தால் அந்த வேலை மிச்சமாவதில்லை. "உங்கூட்டுல எனக்கு எப்பவுமே புதுக் கப்பு," என்று ஒருநாள் வண்டியை எடுக்கும்போது அன்பு சொன்னாள். அன்றும் சிரித்தாள். சமையல்கட்டுக்கு அவள் வந்ததில்லை. அவள் வரவில்லை. இவள் கூப்பிடவில்லை. இரண்டில் எது முதல் என்று யோசித்தால் பதில் சுலபம்.

தோப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒரே அடுப்பு. ஒரே கரண்டி. அன்பு ருசி பார்த்த கரண்டியை இவள் வாயில் வைப்பாள். வருஷத்தில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்காக மீதி நாளை அன்பு மன்னித்திருந்தாள் என்றே சண்முகப்பிரியா நம்பிக்கொண்டிருந்தாள்.

பாத்திரங்களோடு மேலே வந்தபோது இளவேனில் படுக்கவில்லை. அடுப்பில் எதையோ வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். சந்தகை, தேங்காய்ப்பால், சர்க்கரை. பக்கத்தில் சுக்குத்தூள் டப்பா.

"சர்ப்ரைஸா செஞ்சரலாம்னு பார்த்தனுங்க அக்கா," என்றாள் வெட்கத்தோடு. "சுக்கு வாசம் வரும்னு அவுரு சொன்னாரு. அதான் ஒரு யூகத்துல."

சண்முகப்பிரியாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள் இளவேனில். தமிழ்வேந்தன் ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சுழற்றினார். காத்திருந்தார். தொண்டையில் இறங்கவேண்டிய ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறார் என்று சண்முகப்பிரியாவுக்கு மட்டும் தெரிந்தது. அது வரவில்லை.

"நல்லாருக்குது," என்றார். டம்ளரை முழுசாகக் குடித்துவிட்டுக் கவிழ்த்தும் வைத்தார். எழுந்து ஆற்றுப் பக்கம் போனார்.

"இது இல்ல," என்றாள் இனியா, மெதுவாக. யாரையும் குறை சொல்கிற குரலில்லை. பிறகு இளவேனிலின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி, அந்த வாழப்பழம் செய்யலாமா? வீடியோவுல பார்த்தமே," என்றாள்.

நேந்திரம்பழத்தைத் தோலோடு நீளமாகக் கீறி, உள்ளே நாட்டுச்சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நொறுக்கிய கடலைமிட்டாயும் அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கனலில் போட்டார்கள். தேங்காய்த்தொட்டிக் கனல் சிவந்து கிடந்தது. இனியா இடுக்கியால் திருப்பித் திருப்பிப் போட்டாள். பிரித்தபோது பழம் பாகில் மிதந்தது. கரண்டியால் தோண்டி ஒன்றைத் தின்று முடித்து, இரண்டாவதை எடுத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டு ஊதினாள். இளவேனில் அந்த விரலைப் பிடித்துத் தன் சேலையில் துடைத்துவிட்டாள். இனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பாயசம் இருந்தாத்தான் வருவேன்னியாமே சாமி?" என்று சண்முகப்பிரியா கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

இனியா நிமிர்ந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க ஆன்ட்டி. அப்பாதான் கேட்டாரு. எனக்கு அதோட டேஸ்ட்டே சரியா ஞாபகம் இல்ல. இது இல்லேன்னு மட்டும் தெரியுது." பிறகு பழத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா வாசமும் அப்படித்தான்," என்றாள்.

மனோஜ் எழுந்து தமிழ்வேந்தனைத் தேடிப் போனான். போகிறபோது மனைவியின் தோளில் கை வைத்து, "செஞ்சு குடுத்துரு பிரியா. பாவம்," என்றான். பிரித்துப்போட்ட தாளை வீச எழுந்த இனியாவும் அவன் பின்னால் ஓடினாள்.

வெயில் பாக்குமரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. கீழே எல்லாம் பச்சை இருட்டு. அடுப்பில் தண்ணீர் மிச்சம் இருந்தது. சந்தகை இன்னொரு பாக்கெட் இருந்தது. பை ஐந்தடி தூரத்தில் இருந்தது. அஞ்சு நிமிஷம். எழுந்து நடந்தால் முடிந்துவிடும்.

அப்படித்தான் ஆஸ்பத்திரியிலும் நினைத்தாள்.

அன்பு அப்போது பாதியாகியிருந்தாள். வயிற்றில் வந்த கட்டி மற்ற இடத்துக்கும் போய்விட்டிருந்தது. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்கிறவள், அன்றைக்கு ஒரு நாள் தானாகவே, "ஏம் பிரியா, ஒருக்கா அந்தப் பாயசம் கொண்டாறியா?" என்றாள்.

"கொண்டாறேன். அதென்ன, அஞ்சு நிமிஷ வேலை."

"உங்கூட்டு அடுப்புல வெச்சுக் கொண்டா." உதடு காய்ந்திருந்தது. அதோடு சிரித்தாள். "உங்கூட்டு டம்ளர்ல."

மறுநாள் காலையில் சமையல்கட்டில் மயிலாத்தாள் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சண்முகப்பிரியா பாத்திரத்தை எடுத்தாள், தேங்காயை உடைத்தாள். "யாருக்குக் கண்ணு, பாயசமா?" என்று மாமியார் கேட்டாள். அன்புவுக்கு என்று சொல்லியிருந்தால் தடுத்திருக்கமாட்டாள். அன்பு படுத்ததிலிருந்து வாரம் தவறாமல் இளநீர் கொடுத்தனுப்புகிறவள் அவள். பாவம், நல்ல புள்ள என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவள். தடுக்கமாட்டாள். ஆனால் ஒன்று சொல்லுவாள். அந்தப் பழைய தூக்குல ஊத்திக் குடுத்துரு கண்ணு, திரும்பக் கொண்டார வேண்டாம் என்பாள். மெதுவாக, அன்பாகவே சொல்லுவாள்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க சண்முகப்பிரியாவுக்குத் தைரியம் இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொல்லாமல் இருந்தால், பதினான்கு வருஷம் ஹாலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது யார் என்பது தெரிந்துவிடும். "கூட்டுக்குத்தானுங்க அத்தை," என்று சொல்லி, உடைத்த தேங்காயை அவரைக்காய்க் கூட்டில் துருவிப் போட்டாள்.

சனிக்கிழமை மாமியார் சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். அப்போது செய்யலாம் என்று முடிவு செய்தாள். அன்று சாயந்திரம் வெறும் கையோடு போக மனம் வராமல், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓட்டலில் பால் பாயசம் வாங்கிக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் டப்பா. அன்பு அதைப் பார்த்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வாங்கிக்கொண்டாள்.

"நல்லாருக்குதுங்க டீச்சர்," என்றாள்.

அவள் சண்முகப்பிரியாவை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தமிழ்வேந்தனின் போன் வந்தது. சனிக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை.

இந்தக் கதை யாருக்கும் தெரியாது. எழவு வீட்டில் அவள் அழுததைப் பார்த்து, சொந்த அக்கா தங்கச்சிகூட இப்படி அழமாட்டாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபோது மயிலாத்தாள் வெளியே வெந்நீர் வைத்திருந்தாள். எந்த எழவுக்குப் போய் வந்தாலும் வைக்கிற வெந்நீர்தான். அன்றைக்கு அதை ஊற்றிக்கொண்டபோது தோல் எரிந்தது.

"அக்கா."

இளவேனில் கரியான கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த மூவரும் ஆற்றோரம் போனதை உறுதி செய்துகொள்வதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? இனியாவுக்கு இல்லீங்க, அவுருக்குத்தான் வேணும். என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அப்பறம் அவுங்க பேரையே எடுக்க மாட்டேங்கறாரு. எனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனைக்கறாரு போல. எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. வருசத்துக்கு ஒருக்கா அவுங்க பேரைச் சொல்லி அதைச் செஞ்சு வெச்சா, அவுரும் வாய் உட்டுப் பேசுவாரு. நான் எம் பேருக்கு எடுத்துக்க மாட்டனுங்க." மூச்சு வாங்கினாள். "சுக்கோட வேற என்னமோ இருக்குதுங்க. அதை மட்டும் சொல்லிருங்க. இங்கயே இப்பவே செஞ்சுரலாம். சுலபந்தானுங்களே?"

சுலபம்தான். இங்கே எல்லாமே சுலபம். ஒன்பது வருஷமும் அவள் இங்கே எல்லாவற்றையும் சுலபமாகவே செய்தாள். யாரும் யாரையும் எங்கே உட்காரவைப்பது என்று யோசிக்க வேண்டாம். யாரும் எந்தத் தூக்கு என்று கேட்கமாட்டார்கள். அன்பு கேட்டது இங்கே கிடைத்த பாயசம் அல்ல.

எங்கூட்டுக்கு வாங்க, சமையல்கட்டுல வெச்சுச் சொல்லித் தாரேன் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் நெஞ்சு வரை வந்தது. அதற்குப் பின்னால் ஹாலும், சோபாவும், அலமாரியில் பிரிக்காமல் இருக்கிற புதுக் கட்டு பேப்பர் கப்பும் வந்தன. மயிலாத்தாளின் குரல் வந்தது, வா கண்ணு என்று. வாக்கியம் அங்கேயே நின்றது. அன்புவுக்காக வராத தைரியம் வேறு யாருக்காகவும் வந்துவிடவில்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டாள்.

அப்படியென்றால் இது எதற்கு? இங்கே உட்கார்ந்து, மறுபடியும் அந்த உறையைப் பிரித்து, மறுபடியும் எல்லோருமாகக் குடித்து, அன்பு பேரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளை மத்தியானம் வீட்டுக்குப் போவதற்கா?

இளவேனில் காத்திருந்தாள். அவள் முகம் நல்ல முகம். அதைப் பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று காலையில் போட்ட கணக்கு சண்முகப்பிரியாவுக்கு நினைவு வந்தது. தெரியாது என்று சொல்ல வேண்டும், மறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கரியான கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அம்மணி," என்றாள். "ஆனாச் சொல்ல மாட்டேன்."